கண்ணாடியைக் கீறுவதெல்லாம் வைரம் ஆகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் நகை வாங்குவோருக்கான யோசனைகள் அடங்கிய ஒரு பத்தி வெளியாகியிருந்தது. ஒரு கல் உண்மையான வைரமா என்பதை அறிய அதைக் கண்ணாடியில் இழுத்துப் பார்த்தாலே போதும், கீறல் விழுந்தால் வைரம், விழாவிட்டால் போலி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையிலும், அந்த யோசனையால் ஒரு குடும்பம் ஏமாற இருந்ததை நேரில் கண்டவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

அந்தப் பத்தி வெளியான அடுத்த வாரமே என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கைக்குட்டையில் ஒரு கல்லை முடிந்துகொண்டு வந்தார். கிணறு தூர்வாரும்போது கிடைத்ததாம். நெல்லிக்காய் அளவில், ஒரு முனை கூர்மையாக, தெளிவாகவே இருந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடியிலும், அது போதாதென்று அம்மாவின் பீரோ கண்ணாடியிலும் கீறிப் பார்த்திருக்கிறார். இரண்டிலும் அழுத்தமான கோடு விழுந்திருக்கிறது. இதற்குள் செய்தி பரவி, தரகர் ஒருவர் வந்து, அவரும் ஒரு கண்ணாடித் துண்டில் கீறிக் காட்டி, கல்லைச் சோதனைக்கு அனுப்பும் செலவுக்கென்று 6,000 ரூபாய் கேட்டிருக்கிறார். நல்லவேளையாக, பணத்தைக் கொடுக்கும் முன், “சார், நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்” என்று என்னிடம் வந்தார்.

கண்ணாடியில் கோடு விழுந்தது பொய்யல்ல. அந்தக் கோட்டுக்குக் கற்பிக்கப்பட்ட பொருள்தான் தவறு. ஒரு பொருள் இன்னொன்றைக் கீறினால், கீறியது கீறப்பட்டதைவிடக் கடினமானது என்பது மட்டுமே அதிலிருந்து தெரியும். எவ்வளவு கடினமானது என்பது தெரியாது. ஐந்தாம் வகுப்பு மாணவனைத் தோளுக்குத் தோள் நிறுத்தி, அவனைவிட உயரமாக இருப்பதாலேயே ஒருவரை மாவட்டத்திலேயே உயரமானவர் என்று முடிவு கட்டினால் எப்படி இருக்கும்? கண்ணாடிக் கீறலை வைத்து வைரம் என்பதும் அப்படித்தான்.

கனிமங்களின் கடினத்தன்மையை வரிசைப்படுத்திய பெருமை ஜெர்மானியக் கனிமவியலாளர் ஃபிரெடரிக் மோஸ் அவர்களைச் சாரும். 1812-ஆம் ஆண்டு அவர் பத்துக் கனிமங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைக் கீறும்படியும் தனக்குப் பிந்தியதால் கீறப்படும்படியும் அடுக்கினார். முதலில் நிற்பது டால்க். நம் வீடுகளில் குழம்பு வைக்கும் கல்சட்டியைச் செய்ய உதவும் மாக்கல்லில் பெரும்பகுதி இதுவே. இரண்டாவது ஜிப்சம், வகுப்பறைச் சாக்பீஸின் மூலப்பொருள். நகத்தால் சுரண்டினாலே உதிரும். மூன்றாவது கால்சைட், அதாவது பளிங்குக் கல்லிலும் சுண்ணாம்புக் கல்லிலும் இருப்பது. அதன் பின் ஃபுளோரைட், அபடைட், ஃபெல்ஸ்பார், ஏழாவதாகக் குவார்ட்ஸ், எட்டாவதாகப் புஷ்பராகம், ஒன்பதாவதாகக் குருந்தம் (மாணிக்கமும் நீலமும் இதன் வகைகளே), பத்தாவதாக வைரம். ஜன்னலுக்கும் குடிநீர்க் குவளைக்கும் பயன்படும் சாதாரணக் கண்ணாடி இந்த வரிசையில் ஏறத்தாழ ஐந்தரையில் நிற்கிறது. ஆகவே ஃபெல்ஸ்பார் தொடங்கி மேலே உள்ள எதுவும் கண்ணாடியில் கோடு போடும். வைரத்துக்கு மட்டும் அதில் எந்தத் தனியுரிமையும் கிடையாது.

குவார்ட்ஸ் என்றதும் எங்கோ கிடைக்கும் அரிய பொருள் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். வயல்வரப்பில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல் அதுதான். சிறுவயதில் இருட்டறையில் இரண்டு வெங்கச்சங்கற்களை உரசி, உள்ளே மின்னும் ஒளியைப் பார்த்து வியக்காதவர்கள் கிராமத்தில் குறைவு. ஆற்று மணலிலும் கடற்கரை மணலிலும் பெரும்பகுதி குவார்ட்ஸ்தான். அந்த மணலைச் சோடா உப்போடும் சுண்ணாம்புக் கல்லோடும் சேர்த்து உருக்கித்தான் கண்ணாடியே செய்கிறார்கள் என்பதால், பிள்ளை தாயைவிட மென்மையானது எப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. குவார்ட்ஸில் சிலிக்கான் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் முப்பரிமாணத்தில் ஒழுங்காகக் கோத்துக்கொண்டு நிற்கின்றன. உருக்கிக் குளிரவைக்கும்போது அந்த ஒழுங்கு திரும்பி வருவதில்லை. போதாக்குறைக்கு, உருகும் வெப்பநிலையைக் குறைப்பதற்காகச் சேர்க்கப்படும் சோடா அந்தப் பிணைப்புகளை ஆங்காங்கே அறுத்தும் விடுகிறது. அதனால்தான் மணலிலிருந்து பிறந்த கண்ணாடியை ஒரு மணல் துகள் கீறிவிடுகிறது. தூசி படிந்த ஜன்னலையும் வண்டியின் முன்கண்ணாடியையும் உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைக்கும் பழக்கம் எனக்கே நெடுநாள் இருந்தது. இக்காலத்து மூக்குக் கண்ணாடிகள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கால் ஆனவை என்பதால் அவற்றுக்குச் சேதம் இன்னும் அதிகம்.

நம் நவரத்தினங்களையே எடுத்துக்கொள்ளலாம். முத்தும் பவளமும் மூன்றையும் நான்கையும் ஒட்டிய மென்மையான பொருள்கள். அவை கண்ணாடியைக் கீறமாட்டா. கோமேதகம் ஏழு அல்லது அதற்குச் சற்று மேல், மரகதம் ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில், வைடூரியம் எட்டரை, மாணிக்கமும் நீலமும் ஒன்பது. புஷ்பராகத்தில் ஒரு சிக்கல் உண்டு. கனிமவியலார் புஷ்பராகம் என்பது எட்டாம் எண் கல்லை. நகைக்கடையில் கனக புஷ்பராகம் என்று தருவது பெரும்பாலும் மஞ்சள் நிறக் குருந்தத்தை, அதாவது ஒன்பதாம் எண் கல்லை. எதுவானாலும் வைரத்தோடு சேர்த்து ஏழு கற்கள் கண்ணாடியைக் கீறும். ஒன்பதில் ஏழு தேறிவிடும் தேர்வை வைத்து முதலிடத்தை எப்படி முடிவு செய்வது?

போலிகள் விஷயத்தில் இந்தச் சோதனை இன்னும் மோசமாகக் கைவிடும். கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படும் கியூபிக் சிர்கோனியா எட்டு முதல் எட்டரை வரை கடினமானது. இப்போது வைரத்துக்கு மாற்றாக விற்கப்படும் மாய்சனைட் ஒன்பதே காலுக்கு வரும். இரண்டும் கண்ணாடியைத் தாராளமாகக் கீறும். மாய்சனைட்டின் வரலாறே இந்தக் குழப்பத்துக்குச் சான்று. பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி முவாசான், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் விழுந்த விண்கல்லின் துணுக்குகளில் 1893-ஆம் ஆண்டு சில நுண்படிகங்களைக் கண்டபோது அவற்றை வைரம் என்றே கருதினார். அவை சிலிக்கானும் கார்பனும் சேர்ந்த சிலிக்கான் கார்பைடு என்று தெளிவாக அவருக்கு 1904 வரை ஆயிற்று; அவர் பெயரால் அதுவே மாய்சனைட் ஆனது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஒருவரையே தடுமாற வைத்த கல் அது. கத்தி தீட்டும் கார்போரண்டம் சாணைக்கல்லும் இதே சிலிக்கான் கார்பைடுதான்.

இங்கே ஓர் இடைச்செருகலுக்கு அனுமதிக்க வேண்டுகிறேன். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று வழங்கும் சொல் நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனது. 1890-களில் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் சிலிக்கான் கார்பைடைச் செயற்கையாக உருவாக்கியபோது, அது கார்பனும் குருந்தமும் சேர்ந்த பொருள் என்று தவறாக எண்ணிக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். எண்ணம் பிழையாகிப் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது. தெருவில் சாணை பிடிக்க வருபவரின் சக்கரத்தில் ஒரு தமிழ்ச் சொல்லின் பாதி சுழன்றுகொண்டிருக்கிறது. குருந்தம் எங்கள் நாமக்கல் மாவட்டத்துக்கு அந்நியமானதும் அல்ல. சந்திரயான்-2 திட்டத்தின்போது நிலவு மண்ணைப் போன்ற சோதனை மண்ணுக்காகப் பாறை எடுக்கப்பட்ட சித்தம்பூண்டிப் பகுதி, குருந்தம் கிடைக்கும் இடமாகக் கனிமவியலாருக்கு நெடுங்காலமாகத் தெரிந்த இடம்.

அந்தக் குருந்தத் துண்டு ஒன்றுதான் என் மாணவரின் சிக்கலைத் தீர்த்தது. அவர் கொண்டுவந்த கல் வெட்டப்படாத, பட்டை தீட்டப்படாத கரட்டுக் கல் என்பதால், அவருடைய சம்மதத்தோடு அதன் அடிப்பக்கத்து ஓரத்தில் என்னிடமிருந்த குருந்தத்தை அழுத்தி இழுத்தேன். ஒரு கோடு விழுந்தது. விரலை ஈரமாக்கித் துடைத்தேன்; கோடு போகவில்லை. வைரத்தைக் குருந்தத்தால் கீற முடியாது. ஆகவே அது வைரம் இல்லை என்பது அந்தக் கணத்திலேயே முடிந்துபோயிற்று. ஒரு கல் எதைக் கீறுகிறது என்று பார்ப்பதோடு நில்லாமல், அந்தக் கல்லை எது கீறுகிறது என்றும் பார்த்தால்தான் கீழெல்லையும் மேலெல்லையும் கிடைக்கும். கண்ணாடி கீழெல்லையை மட்டும் தந்தது. மேலெல்லையைக் குருந்தம் தந்தது. வைரத்தை வைரத்தால்தான் அறுக்க வேண்டும் என்ற பழமொழியைத் தெரிந்துவைத்திருக்கும் நாம், அதை இப்படித் திருப்பிப் பயன்படுத்தத் தவறிவிடுகிறோம்.

ஈர விரலால் துடைத்ததைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மென்மையான கல்லைக் கண்ணாடியில் இழுத்தால் கல்தான் தேய்ந்து, அதன் பொடி வெள்ளைக் கோடாகப் படியும். பார்ப்பதற்குக் கீறல் போலவே இருக்கும். துடைத்த பின் நகத்தால் வருடிப் பார்த்து, நகம் தடுக்கினால்தான் அது கீறல். சமையலறைக் கத்தியும் கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே படியில் இருப்பதால், கத்தி சில நேரம் கீறும், சில நேரம் வழுக்கிப் போகும். நன்கு பதமேற்றிய அரம் ஆறரையை எட்டும். அது தவறாமல் கீறும். அரம் கீறுகிறதே என்று யாரும் அரத்தை வைரம் என்பதில்லை.

பிறகு அதே கல்லை நகை எடைபோடும் தராசில் நிறுத்தோம். காற்றில் 21.2 கிராம். நூலில் கட்டித் தண்ணீரில் மூழ்கவைத்து நிறுத்தபோது 8 கிராம் குறைந்தது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 2.65, குவார்ட்ஸின் ஒப்படர்த்தி, அதாவது அதே அளவு தண்ணீரைப்போல் எத்தனை மடங்கு கனம் என்ற எண், அதுவே. வைரமாக இருந்திருந்தால் 3.52 வந்திருக்கும், அதாவது தண்ணீரில் 6 கிராம்தான் குறைந்திருக்கும். கல்லின் உருவமும் அதையே சொன்னது. ஆறு பக்கங்கள் கொண்ட பட்டகம், அந்தப் பக்கங்களின் குறுக்கே மெல்லிய வரிகள், மேலே கூம்பு. இவை குவார்ட்ஸின் அங்க அடையாளங்கள். வைரம் பெரும்பாலும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டியதுபோல எண்முகமாக விளையும். மாணவருக்கு முகம் வாடித்தான் போயிற்று. ஆனாலும் 6,000 ரூபாய் தப்பியது.

இது ஓர் ஊரின் ஒரு வீட்டில் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் ஓர் ஊரே இப்படித் திரண்டிருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் லேடிஸ்மித் நகருக்கு அருகிலுள்ள குவாஹ்லாதி என்ற சிற்றூரில் கால்நடை மேய்ப்பவர் ஒருவர் மண்ணிலிருந்து பளிச்சென்ற கற்களைத் தோண்டி எடுத்தார். வைரம் என்று செய்தி பரவியதும், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் மண்வெட்டியோடும் கடப்பாரையோடும் வந்து மேய்ச்சல் நிலத்தைக் குழிகளாக்கினர். கொரோனா பரவிக்கொண்டிருந்த காலம் அது. அரசு மாதிரிகளை எடுத்து ஆய்வு செய்தது. அவை வைரம் அல்ல, குவார்ட்ஸ் படிகங்கள் என்று ஜூன் 20 அன்று மாகாண அமைச்சர் ரவி பிள்ளை அறிவித்தார். வேலையின்மையும் வறுமையும் மிகுந்த பகுதி என்பதால் அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் பக்கத்து மாநிலமான ஆந்திராவிலும், கர்னூல் மாவட்டத்து ஜொன்னகிரி, துக்கலிப் பகுதிகளில் முதல் மழை பெய்ததும் குடும்பம் குடும்பமாக வயல்களில் குனிந்து தேடுவதைக் காணலாம். அங்கே அவ்வப்போது மெய்யான வைரமும் கிடைக்கிறது. அங்கே வைரம் மண்ணில் இருப்பதற்கு நிலவியல் காரணம் உண்டு. அனந்தபூர்ப் பகுதியின் வஜ்ரகரூரில் வைரத்தை ஆழத்திலிருந்து கொண்டுவரும் கிம்பர்லைட் பாறையே இருக்கிறது. ஒரு கல்லைச் சோதிக்கும் முன் அது எந்தப் பாறை நிலத்தில் கிடைத்தது என்று கேட்பது நல்ல நிபுணர்களின் முதல் கேள்வி. குவாஹ்லாதியோ வைரம் கிடைக்கும் பாறை நிலமே அல்ல; அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாலே பாதி விடை கிடைத்திருக்கும்.

தங்கள் பத்தி நகை வாங்குவோருக்கானது. அவர்களுக்கு இந்தச் சோதனை பயனற்றது மட்டுமன்று, தீங்கானது. பட்டை தீட்டிய மரகதத்துக்குள் இயல்பாகவே வெடிப்புகள் நிறைந்திருக்கும். கண்ணாடியில் அழுத்தி இழுத்தால் ஓரம் சிதறிவிடக்கூடும். வைரத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. கீறல் தாங்கும் தன்மை வேறு, அடி தாங்கும் தன்மை வேறு. வைரத்தில் சில திசைகளில் பிணைப்புத் தளங்கள் எளிதில் பிளக்கும். 1905-இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை 1908-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் ஓர் இரும்புத் தகட்டை வைத்துத் தட்டித்தான் பிளந்தார். உண்மை வைரம் சுத்தியலால் அடித்தாலும் உடையாது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையில் அடித்துப் பார்த்தவர்களிடம் மிஞ்சியது தூள்தான். மோஸ் வரிசையின் எண்கள் சம இடைவெளி உடையவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையே ஒரே ஒரு படி என்று தோன்றினாலும், குருந்தத்தைவிட வைரம் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினமானது. வீட்டில் கண்ணாடித் துண்டை வைத்து அந்தத் தொலைவை அளக்க வழியே இல்லை.

நகைக்கடையில் வைரத்தைச் சோதிக்கச் சிறிய பேனா போன்ற கருவியைத் தொட்டுக் காட்டுவார்கள். அது வெப்பம் எவ்வளவு விரைவாகக் கல்லுக்குள் கடக்கிறது என்பதை அளக்கிறது. கியூபிக் சிர்கோனியா அதில் உடனே மாட்டிக்கொள்ளும். மாய்சனைட் மாட்டாது, ஏனெனில் அதுவும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும். மின்கடத்தலையும் சேர்த்து அளக்கும் கருவிதான் அதைப் பிரித்துக் காட்டும். ஒளிவிலகலைக் கொண்டும் உருப்பெருக்கியைக் கொண்டும் கல்லைத் தொட்டும் தொடாமலும் சோதிக்கும் முறைகள் இத்தனை இருக்க, இரத்தினவியல் ஆய்வகத்தில் பட்டை தீட்டிய கல்லை யாரும் கீறிப் பார்ப்பதில்லை.

அதே பத்தியின் ஓரத்தில் வந்திருந்த பெட்டிச் செய்தியைப் பற்றியும் ஒரு சொல். கைபேசித் திரைக்கு ஒட்டும் டெம்பர்டு கிளாஸ் உறைகளில் 9எச் என்று அச்சிட்டிருப்பதை, மோஸ் வரிசையில் ஒன்பது, வைரத்துக்கு அடுத்த நிலை என்று அதில் விளக்கியிருந்தார்கள். அந்த 9எச் பென்சிலின் எண். படம் வரைவோர் வாங்கும் எச்பி, 2பி பென்சில்களின் வரிசையில் மறுகோடியில், மிகக் கெட்டியான பென்சில் 9எச் ஆகும். வண்ணப்பூச்சுகளின் மேற்பரப்பைச் சோதிக்கப் பென்சில்களை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் தள்ளிப் பார்க்கும் முறையிலிருந்து வந்த அளவு அது. 9எச் பென்சில் கீறவில்லை என்பதுதான் அந்த எழுத்துக்குப் பொருள்; எந்தக் கண்ணாடியும் அதில் தேறிவிடும். மெய்யாகவே ஒன்பதாம் படியில் இருப்பது விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் முகப்பில் வரும் சஃபையர் கண்ணாடி. அது செயற்கைக் குருந்தம். கைபேசியைச் சாவிக்கொத்தோடு பையில் போட்டால் திரையில் கீறல் விழாமல் தப்பலாம். கடற்கரைக்குப் போய் மணல் ஒட்டிய கையோடு எடுத்து அதே பையில் போட்டால், 9எச் என்ற எழுத்து அதைக் காக்காது.

தங்கள் நாளிதழைச் சிற்றூர்களிலும் நம்பிப் படிக்கிறார்கள். தரகர் அந்த வீட்டில் கண்ணாடித் துண்டை எடுத்தபோது, “பேப்பரிலேயே போட்டிருக்கிறார்களே” என்று சொன்னதாக மாணவர் கூறினார். ஆகவே அந்தப் பத்தி வந்த அதே ஞாயிறு இணைப்பில், அதே அளவு எழுத்தில், இதற்கான திருத்தத்தை வெளியிட வேண்டுகிறேன். மாணவரின் கல்லை அவர் திரும்பக் கேட்கவில்லை; நான் அதை எங்கள் ஊர்ப் பள்ளியின் ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டேன். கோடு விழுந்த பீரோ கண்ணாடி அப்படியேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
நாமக்கல் மாவட்டம்.